பாலைக்கனியும் நெய்தல் நிலமும்

பேரீச்சை அரபு நாட்டுக்கே உரியது, நமக்கும் அதற்குமுள்ள தொடர்பு கடைவீதியோடு முடிந்தது என்று மாணவர் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் முற்றும் பொருந்தாது. நமது கீழைக் கடற்கரை மணலில் விதைப்பாரின்றித் தானே முளைத்து நிற்கும் ஈச்சஞ்செடி அதன் நெருங்கிய இனமே. எனினும் உறவினர் வாழும் ஊரில் யாவரும் வாழ்ந்துவிடலாம் என்பது விதியன்று.

புதுச்சேரிக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்துள்ள கோட்டக்குப்பத்து அன்பர் ஒருவர், வளைகுடா நாடொன்றில் பல்லாண்டு உழைத்துத் திரும்பியவர், அண்மையில் நம்மிடம், "என் கைப்பொருள் முழுவதையும் ஓர் ஏக்கரில் பர்ஹிப் பேரீச்சையாக நட்டுவிட்டால், நோன்புக் காலத்தில் ஊராருக்கே விற்றுப் பிழைக்கலாமன்றோ?" என வினவினார். ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பைப் பற்றிய வினா ஆதலின், நாம் விரைந்து விடை கூறவில்லை. ஆராய்ந்து அவர்க்குக் கூறியவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

பேரீச்சையின் அடி நீரிலும் முடி தீயிலும் இருத்தல் வேண்டும் என்பர் அரபு மக்கள். வேருக்கு நீர் வேண்டும். குலைக்கோ வெயிலும் வறண்ட காற்றும் வேண்டும். காய் முதலிற் பசுமையாயிருக்கும், பின்னர் மஞ்சளோ சிவப்போ ஆகி மொறுமொறுப்பாகும், அடுத்து மென்மையுறும், இறுதியில் உலரும். மொறுமொறுப்பான நிலையைக் கலால் என்றும், மென்னிலையை ருதப் என்றும், உலர்நிலையைத் தமர் என்றும் அரபியர் வழங்குவர். மென்மையுறுங் காலத்து மழை பெய்யின் பழம் வெடித்து அழுகிப்போம். நம் நாட்டில் உலர்ந்த பேரீச்சம்பழம் விளைவித்தல் அரிதாயிருப்பதற்கு இதுவே தலையாய காரணம்.

அங்ஙனமாயின் பர்ஹியின் சிறப்பு யாது? பெரும்பாலான வகைகள் கலால் நிலையில் நாவைப் பிடிக்கும் துவர்ப்புடையன. ஈராக்கின் பஸ்ரா நகர்ப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட பர்ஹியோ, மஞ்சள் நிறம் பெற்றவுடனேயே துவர்ப்பு நீங்கி இனிக்கும். மழை முற்றுவதற்குமுன் குலையை வெட்டிவிடலாம். மழைக்கு முந்திக்கொள்ளும் இவ்வழியைக் குஜராத்தின் கட்ச் மக்கள் தம் நாட்டு மரங்களைக்கொண்டு நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். அவர்கள் கலால் நிலையிலேயே விற்கும் காரேக் என்னும் பழம் 2024-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. தமிழ்நாட்டில் தருமபுரி மாவட்டத்து அரியாகுளம் பகுதியிலும் பர்ஹி காய்த்து விற்பனையாகின்றது. ஆதலின் நம் மாநிலத்தில் இது விளையுமோ என்னும் ஐயம் இனி இல்லை.

நல்ல வகை அரிதாயிருப்பதன் காரணத்தையும் அறிதல் வேண்டும். விதையிலிருந்து முளைப்பவற்றில் ஏறத்தாழப் பாதி ஆண்மரம். அஃது ஆணோ பெண்ணோ என்பது பூக்குமளவும் புலப்படாது. பெண்ணாயினும் தாயின் குணம் அப்படியே அமையாது. தாய்மரத்தடியில் தோன்றும் பக்கக்கன்றே தாயை ஒக்கும்; ஆயின் ஒரு மரம் தன் வாழ்நாளில் ஈனும் கன்றுகள் சிலவே. 1927-ஆம் ஆண்டில் மொராக்கோ நாட்டு மெட்ஜூல் மரங்களை நோய் அழித்து வந்தபோது, 11 பக்கக்கன்றுகளை அமெரிக்கர் கொண்டுசென்று நிவாடாவில் தனியிடத்தில் வைத்துக் காத்தனர். 9 பிழைத்தன. அமெரிக்க மெட்ஜூல் தோட்டங்கள் பெரும்பாலும் அவற்றின் வழித்தோன்றல்களே. இக்காலத்தில் திசு வளர்ப்பு முறையால் ஒரே குணமுள்ள கன்றுகளை மிகுதியாகப் பெறலாம். எனினும் கன்று ஒன்றுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். எட்டு மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 60 மரங்கள் நடலாமாதலின் முதற்செலவை எவரும் கணக்கிட்டுக்கொள்ளலாம். நட்டபின் மூன்று நான்கு ஆண்டு காத்திருத்தலும் வேண்டும். காற்றை நம்பாமல், ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பாளையில் மனிதர் கையாலேயே இடுதலும் வேண்டும்.

இனி விற்பனை. உலர்ந்த பழம் மாதக்கணக்கிற் கெடாது; கலால் பழம் குளிர்ப்பெட்டியின்றிச் சில நாட்களே நிற்கும். நம் பக்கத்தில் அறுவடை ஜூன் முதல் ஆகஸ்டு வரை. நோன்பு மாதமோ சந்திரக் கணக்கினது; ஆண்டுதோறும் ஏறத்தாழப் 11 நாள் முன்வாங்கி, சுமார் 33 ஆண்டில் ஒரு சுற்று வரும். 2015-இல் ஜூன் மாதத்தில் தொடங்கிய நோன்பு 2024-இல் மார்ச்சிலேயே தொடங்கிற்று. அறுவடையும் நோன்பும் மீண்டும் நன்கு இணைவது 2040-களின் நடுப்பகுதியிலேதான். அன்பர் கட்டிய கோட்டையின் அடிக்கல் இவ்விடத்திலே அசைந்தது.

கடற்கரைக்கே உரிய இடர்களும் உள. பேரீச்சை ஓரளவு உப்புநீரைத் தாங்கும். இஃது அவ்வூர்க்கு ஆறுதல். வடகிழக்குப் பருவமழையும் அறுவடைக்குப் பின்னரே வலுக்கும். ஆனாற் கடற்காற்றின் ஈரமும், ஆகஸ்டு மாத மாலைமழையும் குலைக்குப் பகை. தென்னையைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டு பேரீச்சையையும் விடாது. 1980-களில் அது வளைகுடா நாடுகளிற் புகுந்து அங்குள்ள தோட்டங்களைப் பெரிதும் வருத்தியது. அதன் தாயகமோ நமது ஆசியப் பகுதி. நம் தென்னந்தோப்புகளில் அது பண்டே குடியிருப்பது.

ஆகவே நாம் அவர்க்குக் கூறியது இது: "ஏக்கர் முழுவதும் வேண்டா. ஆறு பெண்மரமும் ஓர் ஆண்மரமும் நடுக. இடைவெளியிற் பயறும் காய்கறியும் விளைக்க. ஐந்தாண்டு கழிந்தபின் மரமே மீதி விடையைக் கூறும். பழத்தை நோன்புக்கென்று கருதாது, புதுச்சேரிக் கடைகளிற் கோடைக்காலப் புதுக்கனியாக விற்கப் பழகுக." அன்பர் சிறிது நேரம் வாளா இருந்து, பின் நகைத்து, "அங்கே மணலில் நான் கற்றதும் பொறுமையே" என்றார்.

ஒரு மரத்தை வேற்றுநிலத்திற்குக் கொணர்வோர், அதன் கனியின் சுவையோடு அதன் காலத்தையும் கணக்கையும் கற்றுக்கொள்வாராக. அவர் கைப்பொருளுக்கு அதுவே வேலி.