விரல் செய்த வினை!

"நான் போடவில்லை, அட்மின் போட்டார்" - "படிக்காமல் பார்வர்டு செய்துவிட்டேன்": தலைவர்கள் சொன்ன சாக்கும் கோர்ட்டு கொடுத்த பதிலும்

கோட்டுச்சேரிமேடு:

போனில் ஒரு வரி தட்ட அரை நிமிடம் கூட ஆகாது. அந்த அரை நிமிட வேலைக்கு ஒரு மாஜி எம்.எல்.ஏ.வுக்கு 1 மாதம் ஜெயில் தண்டனை. ஒரு தேசியக் கட்சிப் பிரமுகருக்கு 6 மாதம். துணைநிலை கவர்னர் ஒருவரின் வருத்தம் பார்லிமெண்டு வரைக்கும் போனது. ட்விட்டரில் வெறும் 16 பேர் பின்தொடர்ந்த ஒரு வியாபாரியையோ விடிவதற்கு முன்னாலேயே போலீஸ் பிடித்துக்கொண்டு போனது!

ஏதோ சீமைக் கதை என்று நினைக்க வேண்டாம். இதில் பாதி நம்ம புதுச்சேரி மாநிலத்துக் கதைதான். காரைக்காலை ஆளுகிற ராஜ்நிவாசிலிருந்தே தொடங்குவோம்.

தண்ணீர் ட்வீட்

2019 கோடை. சென்னையில் ஏரிகள் வறண்டு பிளந்து கிடந்தன. ஜனங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடினார்கள். அடுத்த மாதமே ஜோலார்பேட்டையிலிருந்து ரெயிலில் தண்ணீர் கொண்டுபோக வேண்டிய நிலைமை.

அந்த நேரம் பார்த்து, ஜூன் 30-ந்தேதி, அப்போது துணைநிலை கவர்னராக இருந்த கிரண்பேடி ட்விட்டரில் ஒரு கருத்தைப் போட்டார். மோசமான நிர்வாகம், ஊழல் அரசியல், அலட்சிய அதிகாரிகள்தான் பஞ்சத்துக்குக் காரணம் என்றார். அதோடு விட்டாரா? மக்களின் சுயநலமும் கோழைத்தனமும் கூட காரணம் என்று சேர்த்துவிட்டார்.

வந்தது வினை! தமிழக சட்டசபையில் தி.மு.க. வெளிநடப்பு செய்தது. லோக்சபாவில் டி.ஆர்.பாலு கிளப்பினார். "மக்கள் கருத்தைத்தான் சொன்னேன்" என்று விளக்கம் கொடுத்துப் பார்த்தார் பேடி. எடுபடவில்லை. அவர் வருத்தம் தெரிவித்துவிட்டதாக மந்திரி ராஜ்நாத் சிங் சபையிலேயே சொல்ல வேண்டியதாயிற்று.

நாமும் காவிரியின் கடைமடைக்காரர்கள். வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அந்த நேரத்தில் யாராவது "நீ கோழை" என்று சொன்னால் எப்படி சுடும்?

அட்மின் எங்கே?

இதற்கு முந்தின வருஷம், 2018 மார்ச் 6-ந்தேதி. பா.ஜனதா தேசிய செயலாளராக இருந்த எச்.ராஜாவின் பேஸ்புக்கில் ஒரு பதிவு வந்தது. திரிபுராவில் இன்று லெனின் சிலை, தமிழகத்தில் நாளை பெரியார் சிலை என்கிற பொருளில். அன்று ராத்திரியே திருப்பத்தூரில் பெரியார் சிலை சேதப்படுத்தப்பட்டது. தமிழ்நாடே கொதித்தது.

பதிவு அழிக்கப்பட்டது. "என் அனுமதி இல்லாமல் அட்மின் போட்டுவிட்டார்" என்று சொல்லி ராஜா வருத்தம் தெரிவித்தார். வழக்கு விடவில்லை. 2024 டிசம்பர் 2-ந்தேதி சென்னை தனிக்கோர்ட்டு அவருக்கு 6 மாதம் ஜெயில் தண்டனை விதித்தது. கனிமொழியைப் பற்றிய இன்னொரு பதிவுக்காக மேலும் ஒரு 6 மாதம். அப்பீல் செய்வதற்காக தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது.

படிக்காமல் பார்வர்டு

அதே 2018 ஏப்ரலில் சிக்கியவர் நடிகரும் மயிலாப்பூர் மாஜி எம்.எல்.ஏ.வுமான எஸ்.வி.சேகர். பெண் பத்திரிகையாளர்களைக் கேவலப்படுத்திய ஒரு பதிவைத் தன் பேஸ்புக்கில் பகிர்ந்தார். எதிர்ப்பு கிளம்பியதும் அழித்தார், மன்னிப்புக் கேட்டார். "யாரோ எழுதினது, படிக்காமல் அனுப்பிவிட்டேன்" என்றார்.

ஐகோர்ட்டு ஏற்கவில்லை. ஒன்றை பார்வர்டு செய்தால் அதை ஒத்துக்கொண்டதாகத்தான் அர்த்தம் என்று சொல்லி முன்ஜாமீனை மறுத்தது. 2023 ஜூலையில் வழக்கை ரத்து செய்யவும் மறுத்துவிட்டது. அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு மாதிரி, அது செய்கிற காயத்துக்கு அனுப்பியவரே பொறுப்பு என்றார் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். 2024 பிப்ரவரி 19-ந்தேதி தனிக்கோர்ட்டு 1 மாதம் ஜெயில், ரூ.15 ஆயிரம் அபராதம் விதித்தது. 2025 ஜனவரியில் ஐகோர்ட்டும் அதை உறுதி செய்தது.

16 பேர் போதும்!

இப்போது அந்த வியாபாரியின் கதைக்கு வருவோம். 2012 அக்டோபர். புதுச்சேரியைச் சேர்ந்த அவர், அன்றைய மத்திய நிதி மந்திரியின் மகன் கார்த்தி சிதம்பரத்தைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். கார்த்தி புகார் கொடுத்தார். அக்டோபர் 30-ந்தேதி விடியற்காலையில் போலீஸ் வீட்டு வாசலில்! தகவல் தொழில்நுட்ப சட்டம் 66-ஏ பிரிவில் கைது. பிறகு ஜாமீனில் வந்தார். அதுவரை 16 பேர் பின்தொடர்ந்த கணக்கை, கைதுக்குப் பிறகு நாடே திரும்பிப் பார்த்தது.

அந்த 66-ஏ பிரிவே செல்லாது என்று 2015 மார்ச் 24-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துவிட்டது. பேச்சுரிமையை நெரிக்கிறது என்பதுதான் காரணம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வியாபாரிக்குப் புகார் வந்த கையோடு கைது. சேகருக்கு முன்ஜாமீன் மறுத்த பிறகும் கைது இல்லை. சாவகாசமாகக் கோர்ட்டுக்கு வந்து ஜாமீன் வாங்கினார். தீர்ப்பு வர கிட்டத்தட்ட 6 வருஷம். ராஜாவுக்கு அதற்கும் மேலே. சின்ன மீன் வலையில் விழுந்த உடனே கூடைக்குப் போகிறது; பெரிய மீன் வலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது. கடற்கரைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

யாருக்கு ஆபத்து?

66-ஏ போனது என்று துள்ளிக் குதிக்கவும் முடியாது. பெண்களைக் கேவலப்படுத்தினாலோ, கலகம் மூட்டினாலோ பிடிக்க வேறு பிரிவுகள் இருக்கவே இருக்கின்றன. சேகரும் ராஜாவும் மாட்டியது அப்படித்தான்.

தலைவருக்கு வக்கீல் பட்டாளம் உண்டு. ஆறு வருஷம் வழக்கு நடத்த வசதி உண்டு. அவர் எழுதியதை ஆர்வக்கோளாறில் பத்து குரூப்புக்குத் தள்ளிவிடுகிற தொண்டனுக்கு என்ன உண்டு? ஒரு வாய்தாவுக்குப் போனால் ஒரு நாள் கூலி காலி. மளிகைக் கடைக்காரர் கடையைப் பூட்டவேண்டும். குமாஸ்தா லீவு எழுதிக் கொடுக்கவேண்டும்.

ஆளுகிறவரைத் தட்டிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அடுத்தவர் எழுதிய வசவை மட்டும் உங்கள் பெயரில் அனுப்பாதீர்கள். அழித்தாலும் அதற்குள் யாரோ ஒருவர் போட்டோ பிடித்து வைத்திருப்பார். கோர்ட்டில் நிற்கப்போவது எழுதினவர் அல்ல, நீங்கள்!