நாய்க்குட்டிக்கு ஒரு ஊசி போதாது

எங்கள் ரெயில்வே குடியிருப்பில் மாடிப்படிக்கு அடியில் பிறந்த குட்டி அது. தாய், தெரு நாய். பார்சல் ஆபீஸ் நண்பர் ஒருவர் தூக்கி வந்து கொடுத்தார். என் மகள் அதற்கு "மணி" என்று பெயர் வைத்தாள்.

6 வாரக் குட்டியாக இருந்தபோது டாக்டரிடம் கொண்டு போய் ஒரு ஊசி போட்டேன். 3 வாரம் கழித்து மறுபடியும் கொண்டு வர வேண்டும் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார். அந்த வாரம் எனக்கு இரவு டூட்டி. சம்பளத்துக்கும் 10 நாள் இருந்தது. "அதுதான் ஒன்று போட்டாயிற்றே" என்று விட்டுவிட்டேன்.

தேதி தாண்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் மணி பாலைத் தொடவில்லை. மத்தியானம் வாந்தி. இரவில் ரத்தமாகப் பேதி. அந்த நாற்றத்தை ஒரு முறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். மறுநாள் ஓடினேன். டிரிப் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் குட்டி செத்துப்போனது. மகள் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

நோயின் பெயர் பார்வோ. 1978-ம் ஆண்டு வாக்கில் உலகத்துக்கே புதிதாக வந்த வைரஸ் நோய் இது. பூனைகளைத் தாக்கும் ஒரு வைரசின் நெருங்கிய உறவு. இரண்டே ஆண்டுகளில் உலகம் முழுவதும் பரவிவிட்டது. இதைக் கொல்ல நேரடியான மருந்து கிடையாது. உடம்பில் நீர் வற்றாமல் டிரிப் ஏற்றி, வேறு கிருமி சேராமல் ஊசி போட்டு, குட்டி தானாகத் தேறும் வரை தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம்.

ஒரு ஊசி போட்டும் எப்படி வந்தது? டாக்டரிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார்.

பிறந்த குட்டிக்குத் தாயின் சீம்பாலில் நோய் எதிர்ப்புச் சக்தி கிடைக்கிறது. குட்டியைக் காப்பதும் அதுதான். தடுப்பூசி மருந்தை வேலை செய்யவிடாமல் அடிப்பதும் அதுதான். சில வாரங்களில் அது தேய்ந்துபோகும். ஒரு குட்டிக்கு 8 வாரத்தில் தேயும், இன்னொன்றுக்கு 14 வாரம் ஆகும். வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. எங்கள் பாஷையில் சொன்னால், பழைய டூட்டிக்காரர் எப்போது இறங்குவார் என்று தெரியாது, ஆனால் சீட் ஒரு நிமிஷம்கூட காலியாக இருக்கக்கூடாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் முடியும் வரை ஊசி போடச் சொல்கிறார்கள்.

முத்திரை இல்லாமல் ஒரு மூட்டையை விடாத குமாஸ்தா நான். வீட்டில் அட்டையைப் பார்க்கவில்லை.

கதை அத்தோடு முடியவில்லை. வராந்தாவைப் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டோம். ஒரு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு குட்டி கொண்டு வந்தார். அதுவும் அதே வராந்தாவில் விளையாடி, அதே நோயில் விழுந்தது. பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்குமாம். பினாயிலுக்கு அது மசியாது. அழுக்கை முதலில் நன்றாகக் கழுவி எடுத்துவிட்டு, துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவம் 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிஷம் ஊறவிட வேண்டும். இது முன்பே தெரிந்திருந்தால் பக்கத்து வீட்டுக் குட்டி பிழைத்திருக்கும்.

குட்டிக்குப் போடும் அதே கூட்டு ஊசியில் டிஸ்டெம்பர் என்ற நோய்க்கும் மருந்து உண்டு. மூக்கில் சளி, கண்ணில் பீளை, பிறகு இழுப்பு என்று போகும் நோய். நாயோடு நிற்பதும் இல்லை. 2018-ல் குஜராத் கிர் காட்டில் ஒரே மாதத்துக்குள் 20-க்கு மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, பல சிங்கங்களின் உடலில் இந்த வைரஸ் இருப்பதைப் புனே ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது. மிச்சமிருந்தவற்றைக் காக்க வெளிநாட்டில் இருந்து தடுப்பூசி வரவழைத்தார்கள்.

பார்வோவும் டிஸ்டெம்பரும் மனிதனுக்கு வராது. மனிதனுக்கு வருவது ரேபிஸ் என்னும் வெறிநோய்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று ஊரில் பயமுறுத்துவார்களே, அது ஆட்டு மூளையில் தயாரித்த பழைய மருந்து. நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் தயாரானதுதான். இந்தியாவில் அதை 2004-ம் ஆண்டோடு கைவிட்டுவிட்டார்கள். இப்போது கையில் போடும் ஊசி. கடித்த அன்று, பிறகு 3, 7, 14, 28-ம் நாட்கள். தோலுக்குள் போடும் முறையில் 14-ம் நாள் ஊசி இல்லை. ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போட வேண்டும். மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் இலவசம்.

ஆனால் ஆஸ்பத்திரிக்கு முன்னால் குழாயடிக்குப் போக வேண்டும். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். தாராவியில் ஒரு பையனுக்குக் கடிபட்டபோது சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் வைத்துக் கட்டியதை நானே பார்த்தேன். கட்டை அவிழ்த்துக் கழுவி, சயானுக்கு அழைத்துப் போவதற்குள் பெரிய சண்டையே நடந்தது. "நாய் தெரிந்த நாய்தான், சின்னக் கீறல்தான்" என்பதே வாதம். வெறிநோயின் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்பதை அந்தத் தாய்க்குப் புரியவைக்க எனக்குத் தொண்டை வறண்டது. பையன் எல்லா ஊசியும் போட்டுக்கொண்டான். நன்றாக இருக்கிறான்.

நாய்க்கு இந்த ஊசி 3 மாதத்தில் போட வேண்டும், ஒரு வருஷம் கழித்து மறுபடி போட வேண்டும். அதற்குப் பிறகு எப்போது என்பது அட்டையில் இருக்கும். வீட்டில் பூனை வளர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். பூனை கடித்தும் வெறிநோய் வரும்.

ஓர் ஆண்டு வராந்தாவைக் காலியாக வைத்திருந்தோம். இப்போது ஒரு பெண் குட்டி இருக்கிறது. 3 கூட்டு ஊசியும் வெறிநோய் ஊசியும் முடிந்துவிட்டன. அட்டை என் சீசன் டிக்கெட் கவரிலேயே இருக்கிறது. அடுத்த தேதியை மகள் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். என் மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை.