வாரின் மறுமுனையில்

சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையூர்களில் விடுமுறைக் காலத்தில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். ரயிலிலிருந்து மக்கள் முதுகுப்பையும் ஊன்றுகோலுமாக இறங்குவர். அவர்களோடு நாய்களும் இறங்கும். மலைப்பாதையில் சில மணி நேரம் நடந்தபின், குடும்பத்தினர் ஓர் உணவகத்தின் வெளிமேசையில் அமர்ந்து உண்பர். நாய் மேசைக்கு அடியில் அமைதியாகப் படுத்திருக்கும்.

இத்தகைய உலாவைச் சிங்கப்பூரிலும் மேற்கொள்ள முடியுமா? நாய் வளர்ப்போர் பலரது மனத்தில் எழும் கேள்வி இது. இங்கே பனிமலை இல்லை. நாட்டின் மிக உயரமான புக்கிட் தீமா குன்றின் உயரமே ஏறத்தாழ 164 மீட்டர்தான். ஏறத்தாழ 60 இலட்சம் பேர் ஒரு சிறிய தீவில் நெருங்கி வாழ்கின்றனர். வெயிலும் கடுமையானது. எனினும், நாயோடு நடக்கவும் உண்ணவும் இங்கே இடங்கள் உள்ளன. அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்பதை அறிந்துகொள்வதுதான் முக்கியம்.

பழைய உறவு

மலைக்கும் நாய்க்கும் உள்ள உறவு பழமையானது. சுவிட்சர்லாந்தையும் இத்தாலியையும் இணைக்கும் கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாய், 2,469 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள மடத்தின் துறவிகள், பனியில் வழிதவறிய பயணிகளைத் தேடிக் காப்பாற்ற நாய்களை வளர்த்தனர். அவற்றுள் ‘பேரி’ என்ற நாய் 40க்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியதாகக் கூறப்படுகிறது. 1814ஆம் ஆண்டில் இறந்த அந்த நாயின் பதப்படுத்தப்பட்ட உடலைப் பெர்ன் நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

தமிழரும் நாயின் நன்றியைக் கல்லில் பொறித்து வைத்துள்ளனர். தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள எடுத்தனூரில், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு நடுகல் இருக்கிறது. கால்நடைகளை மீட்கும் பூசலில் உயிரிழந்த வீரனின் உருவத்தோடு, அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. ‘கோவிவன்’ என்ற அந்த நாயின் பெயரும் கல்லில் இடம்பெற்றுள்ளது.

நாய் மனிதனுக்கு எவ்வளவு நெருங்கிய துணையாக இருந்தாலும், அது எங்கு வேண்டுமானாலும் செல்லலாம் என்று பொருளில்லை. சுவிட்சர்லாந்தில் பெரிய நாய் ரயிலில் ஏற வேண்டுமானால் அதற்கும் பயணச்சீட்டு வாங்க வேண்டும். நாய் வளர்ப்போர் ஆண்டுதோறும் வரி செலுத்துகின்றனர். 1914இல் தொடங்கப்பட்ட சுவிஸ் தேசியப் பூங்காவினுள் நாய்களுக்கு அனுமதியே இல்லை. வாரில் பிடித்துக்கொண்டு சென்றாலும் நுழைய முடியாது. அங்கு வாழும் காட்டுவிலங்குகளுக்குத் தொல்லை நேரக்கூடாது என்பதே காரணம். நாய்களை மனமுவந்து வரவேற்கும் நாடும் சில கதவுகளை மூடியே வைத்திருக்கிறது.

எங்கே நடக்கலாம்?

சிங்கப்பூரில் நாயோடு உலா செல்வதற்கான முதல் ஏற்பாடு வீட்டிலேயே தொடங்குகிறது. மூன்று மாதத்திற்கு மேற்பட்ட வயதுடைய ஒவ்வொரு நாய்க்கும் உரிமம் பெற வேண்டும். நாயின் தோலுக்கு அடியில், அரிசி மணி அளவுள்ள ஒரு மின்சில்லு பொருத்தப்படும். நாய் வழிதவறிச் சென்றால், அந்தச் சில்லில் உள்ள எண்ணைக் கொண்டு உரிமையாளரைக் கண்டுபிடிக்கலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில், அனுமதிக்கப்பட்ட சிறிய இன நாய் ஒன்றை மட்டுமே வளர்க்கலாம். ஆதரவற்ற கலப்பின நாய்களுக்கும் வீடு கிடைக்க வேண்டும் என்பதற்காக, 2012ஆம் ஆண்டில் ஒரு தத்தெடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன்வழி நடுத்தர உருவமுள்ள கலப்பின நாய்களையும் அவ்வீடுகளில் வளர்க்க இயலுகிறது.

வெளியே செல்லும்போது நாயை வாரில் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். இது பூங்காக்களுக்கும் பூங்கா இணைப்புப் பாதைகளுக்கும் பொருந்தும் சட்டம். 1859இல் உருவாக்கப்பட்டு, 2015இல் உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்ட பூமலையில் காலை வேளையில் பலர் நாயோடு நடப்பதைக் காணலாம். நீண்ட தூரம் நடக்க விரும்புவோருக்கு, பழைய ரயில்பாதை இருந்த இடத்தில் அமைந்த 24 கிலோமீட்டர் பசுமைப் பாதை உண்டு. தஞ்சோங் பகாருக்கும் உட்லண்ட்சுக்கும் இடையே ஓடிய ரயில்களின் சேவை 2011இல் நின்றது. இன்று அதே தடத்தில் மக்கள் நடக்கின்றனர், மிதிவண்டி ஓட்டுகின்றனர். பாதையின் ஒரு பகுதி புக்கிட் தீமா குன்றின் ஓரமாகவே செல்கிறது.

நாய் வாரின்றி ஓடி விளையாடவும் இடம் இருக்கிறது. பீஷான்-அங் மோ கியோ பூங்கா, வெஸ்ட் கோஸ்ட் பூங்கா போன்றவற்றில் நாய்களுக்கென வேலியிட்ட திடல்கள் உள்ளன. வேலிக்குள் ஓடலாம், வேலியைத் தாண்டியதும் மீண்டும் வார் கட்ட வேண்டும்.

இவ்விடங்களுக்குச் செல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. பெருவிரைவு ரயிலிலும் பேருந்திலும் செல்லப்பிராணிகளை ஏற்ற முடியாது. எனவே, நடந்து செல்லும் தூரத்தில் உள்ள பூங்காவையோ, செல்லப்பிராணிகளை ஏற்றிச் செல்லும் வாடகை வாகனத்தையோ நாட வேண்டியுள்ளது. ‘மலேசியாவின் கேமரன் மலைக்கு அழைத்துச் செல்லலாமே’ எனச் சிலர் நினைக்கலாம். அதுவும் எளிதன்று. சிங்கப்பூரில் 1953ஆம் ஆண்டிலிருந்து வெறிநாய்க்கடி நோய் இல்லை. அந்நிலையைக் காப்பதற்காக, நாட்டிற்குள் வரும் ஒவ்வொரு நாய்க்கும் இறக்குமதி உரிமமும் தடுப்பூசிச் சான்றும் தேவை. நோய் அபாயம் உள்ள இடங்களிலிருந்து வரும் நாய்கள் தனிமைப்படுத்தப்படும். மலைக்குச் சென்று திரும்பும் நாயும் இதற்கு விலக்கன்று.

எங்கே நடக்கக் கூடாது?

சுவிஸ் தேசியப் பூங்காவைப் போல, சிங்கப்பூரிலும் நாய்களுக்கு அனுமதியில்லாத இடம் உண்டு. வடமேற்கிலுள்ள சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம் அத்தகையது. ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் மார்ச் வரை, சைபீரியா போன்ற குளிர்நிலங்களிலிருந்து பறவைகள் அங்கு வந்து தங்குகின்றன. சில பறவைகள் இன்னும் தெற்கே ஆஸ்திரேலியா வரை பறந்து செல்லும். அவற்றுக்குச் சுங்கை பூலோ ஒரு வழித்தங்கல். சேற்றில் உள்ள புழுக்களையும் நண்டுகளையும் தின்று, அடுத்த கட்டப் பயணத்திற்கான கொழுப்பை அவை உடலில் சேர்த்துக்கொள்கின்றன.

அங்கே ஒரு நாய் வந்தால் என்ன ஆகும்? அது குரைக்கவே வேண்டாம். பறவையின் கண்ணுக்கு நாய் ஒரு வேட்டை விலங்கு. கண்டவுடன் கூட்டமே எழுந்து பறக்கும். ஒவ்வொரு முறை அஞ்சிப் பறக்கும்போதும், சேர்த்துவைத்த ஆற்றல் வீணாகும். மேய்வதற்குரிய நேரமும் குறையும். கடலைக் கடக்க வேண்டிய பறவைக்கு அந்த இழப்பு உயிரிழப்பாகவும் முடியலாம். ‘என் நாய் யாரையும் ஒன்றும் செய்யாது’ என்று உரிமையாளர் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் பறவைக்கு அது தெரியாது.

மற்றக் காட்டோரப் பாதைகளிலும் கவனம் தேவை. அங்கே நீண்டவால் குரங்குகளும் காட்டுப்பன்றிகளும் உடும்புகளும் நடமாடுகின்றன. வாரில்லாத நாய் அவற்றைத் துரத்தினால், விலங்கும் காயமடையலாம், நாயும் காயமடையலாம். நாயால் அறிவிப்புப் பலகையைப் படிக்க இயலாது. வாரின் மறுமுனையில் இருப்பவர்தான் அதற்காகவும் படிக்க வேண்டும்.

வெயிலும் நாயின் உடலும்

பனிமலையில் நடக்கும் நாய்க்கு இல்லாத ஓர் ஆபத்து சிங்கப்பூரில் உண்டு. அது வெப்பம். மனிதனுக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது; வியர்வை ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. நாய்க்கோ பெரும்பாலும் பாதங்களில்தான் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. அது நாக்கைத் தொங்கவிட்டு வேகமாக மூச்சிரைத்தே உடலைக் குளிர்வித்துக்கொள்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் நீர் விரைவாக ஆவியாகாது. அப்போது எவ்வளவு மூச்சிரைத்தாலும் உடல் வெப்பம் குறைவதில்லை. பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு மூச்சுவழி குறுகியது என்பதால், அவை மேலும் எளிதில் பாதிக்கப்படும். கடும் வெப்பத்தாக்கு நாயின் உயிரைப் பறிக்கக்கூடும்.

ஆகவே, நடைப்பயணத்தைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்வதே நல்லது. புறப்படுமுன் ஒரு சிறு சோதனை செய்யலாம். புறங்கையை நடைபாதையின் மீது 7 விநாடி வைத்துப் பார்க்க வேண்டும். கை சுட்டால், நாயின் பாதமும் சுடும். தண்ணீரும் ஒரு சிறு கிண்ணமும் எடுத்துச் செல்ல வேண்டும். நாய் தள்ளாடினாலோ, வாயில் நுரை தள்ளினாலோ, உடனே நிழலுக்குக் கொண்டுசென்று உடலை நனைத்து, கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். காட்டோரப் பாதையிலிருந்து வீடு திரும்பியதும் காது மடல்களிலும் விரல் இடுக்குகளிலும் உண்ணிகள் உள்ளனவா என்று பார்ப்பதும் அவசியம்.

உணவருந்தும் இடத்தில்

நடந்து முடித்தபின் பசிக்கும். தேக்கா நிலையத்தைப் போன்ற உணவங்காடி நிலையங்களுக்குள் செல்லப்பிராணிகளைக் கொண்டுசெல்ல முடியாது. உணவகங்களின் உட்புறத்திலும் பொதுவாக அனுமதி கிடையாது. வெளிப்புற மேசைகள் உள்ள சில உணவகங்கள், அங்கே மட்டும் நாயுடன் அமர அனுமதிக்கின்றன. செல்லப்பிராணிகளோடு உள்ளே அமர்ந்து உண்பதற்கென்றே தனி உரிமம் பெற்ற உணவகங்களும் உள்ளன. அனுமதி உண்டா என்று முன்னரே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது, வாசலில் நின்று வாதாடுவதைவிட நல்லது.

வழிகாட்டி நாய்களுக்கு மட்டும் இந்த விதி வேறு. பார்வையற்றோருக்கு வழிகாட்டப் பயிற்சி பெற்ற நாய், அவர்களோடு ரயிலிலும் பேருந்திலும் செல்லலாம், உணவகத்திற்குள்ளும் செல்லலாம். அது செல்லப்பிராணியாக அங்கு வரவில்லை, வேலையில் இருக்கிறது. எனவே, அதைத் தட்டிக்கொடுப்பதோ அதற்குத் தின்பண்டம் நீட்டுவதோ கூடாது. அதன் கவனம் சிதறினால், அதை நம்பி நடப்பவர் தடுமாற நேரிடும்.

மேசையிலிருந்து நாய்க்கு ஒரு கவளம் ஊட்டுவது அன்பின் அடையாளமாகத் தோன்றலாம். ஆனால் மனிதர் உண்ணும் பல உணவுகள் நாய்க்கு நஞ்சு. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் அதன் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சாக்லெட்டில் உள்ள ஒரு பொருளை நாயின் உடலால் விரைவாக வெளியேற்ற முடியாது. சிராங்கூன் சாலை உணவகங்களில் கிடைக்கும் மசாலைத் தோசை, சாம்பார், பிரியாணி, பாயசம் ஆகியவற்றை எண்ணிப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் வெங்காயமோ பூண்டோ உலர்திராட்சையோ இருப்பது தெரியும். நாய்க்கான உணவை வீட்டிலிருந்தே கொண்டுசெல்வதுதான் பாதுகாப்பானது.

பகிர்ந்துகொள்ளும் இடம்

பூங்காவும் நடைபாதையும் மின்தூக்கியும் நாய் வளர்ப்போருக்கு மட்டும் உரியவை அல்ல. சிறுவயதில் நாயிடம் கடிபட்டவர், நாயைக் கண்டாலே நடுங்கலாம். சிலருக்கு நாயின் முடியால் ஒவ்வாமை ஏற்படும். முஸ்லிம்கள் பலர், சமய நெறியின்படி நாயின் எச்சில் தங்கள்மீது படுவதைத் தவிர்ப்பர். இவர்களுள் எவரும் நாயை வெறுப்பவர் என்று கருதத் தேவையில்லை. குறுகிய பாதையில் எதிரே ஒருவர் வரும்போது வாரைச் சுருக்கிப் பிடிப்பதும், மின்தூக்கியில் உள்ளவரிடம் ‘ஏறலாமா?’ என்று கேட்பதும், தேவையானால் அடுத்த மின்தூக்கிக்குக் காத்திருப்பதும் பெரிய செயல்கள் அல்ல. நாயின் கழிவை அகற்றுவதும் அவ்வாறே. எதிரில் வருபவருக்கும் ஒரு கடமை உண்டு. உரிமையாளரைக் கேட்காமல் நாயைத் தொடுவதும், அதைச் சீண்டிப் பார்ப்பதும் தவறு.

பூங்காவில் துள்ளி நடக்கும் நாயைக் காணும் மாணவர் பலருக்கு, ‘எனக்கும் ஒரு நாய் வேண்டும்’ என்ற ஆசை எழுவது இயல்பு. நாய் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வரை வாழக்கூடியது. இன்று உயர்நிலை ஒன்றில் பயிலும் மாணவர் வளர்க்கத் தொடங்கும் நாய், அவர் வேலைக்குச் செல்லும் வயதிலும் வாசலில் காத்திருக்கும். தேர்வுக் காலத்திலும், மழை நாளிலும், அது முதுமையடைந்து நடக்க மறுக்கும் நாளிலும் அதற்கு ஆள் தேவை. சலித்துவிட்டது என்று அதைக் கைவிடுவது சிங்கப்பூரில் சிறைத்தண்டனை வரை விதிக்கக்கூடிய குற்றம். ஆகவே, நாயை வாங்கவோ தத்தெடுக்கவோ செல்லுமுன், குடும்பத்தினர் ஒன்றாக அமர்ந்து ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு, ஒவ்வொரு நாளும் அந்த வாரைப் பிடிக்கப்போவது யார்?