அலுமாரியில் இருக்கு, தேடினால் இல்லை

போன எபிசோடில் பள்ளி நூலகங்களைப் பற்றிக் கதைக்கும்போது, "தமிழ்ப் புத்தகங்களைப் பட்டியல் போடுறது பெரிய வேலை இல்லை" என்று சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு ஒருவர் எழுதியிருந்தார்: "அப்ப ஏன் எங்கட பள்ளிக்கூடத்தில ஒருத்தராலயும் முடியேல்லை?" நியாயமான கேள்வி. மைக்குக்கு முன்னால் இருந்தால் எல்லாம் சுகமான வேலையாகத்தான் தெரியும். உண்மையில் நடந்ததை எழுதுகிறேன்.

நான் ஸ்காபரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அறை எங்களுடையது இல்லை. மூலையில் இருக்கிற ஒரு இரும்பு அலுமாரி மட்டும்தான் எங்களுக்கு. உள்ளே ஏறக்குறைய 300 புத்தகங்கள். ஊருக்குப் போய் வந்தவர்கள் சுமந்து வந்தவை, வீடு மாறினவர்கள் தந்தவை. மார்ச் மாதம் பள்ளியில் கேட்டார்கள்: இதை யாராவது பாவிக்கிறார்களா? இல்லையென்றால் ஜூனுக்குள் அலுமாரியைக் காலி செய்து தர வேண்டும். இரவல் கொப்பியைத் திறந்து பார்த்தேன். ஒரு வருடத்தில் 11 இரவல். அதில் நாலு நான் எடுத்தது.

பிள்ளைகளுக்கு வாசிக்க விருப்பமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டபோது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சொன்னாள்: "என்ன இருக்கு எண்டே தெரியாது ரீச்சர். ஒவ்வொரு பேரா எழுத்துக்கூட்டி வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள ரைம் போயிடும்." அவள் தேடியது பொன்னியின் செல்வன். படம் பார்த்த பிறகு வந்த ஆசை. புத்தகம் இரண்டாம் தட்டில், பின்வரிசையில் கிடந்தது.

முதலில், எல்லாரும் செய்வதைப்போல, பார்கோடை ஸ்கேன் பண்ணும் செயலி ஒன்றை இறக்கினேன். அது ஐஎஸ்பிஎன் எண்ணை வாசித்து, தலைப்பு, ஆசிரியர், அட்டைப்படம் எல்லாவற்றையும் இணையத்தில் இருந்து கொண்டுவரும். எங்கள் அலுமாரியில் பாதிக்கு மேல் தோல்வி. அந்த எண் சர்வதேச நியமமானதே 1970இல்தான். அதற்குப் பிறகும் பல சின்னப் பதிப்பகங்கள் எண் எடுக்காமலே புத்தகம் போட்டன. எண் இருந்தாலும் (978க்குப் பிறகு 81 அல்லது 93 வந்தால் இந்தியா, 955 அல்லது 624 வந்தால் இலங்கை) செயலி தேடுகிற தரவுத்தளத்தில் யாராவது அந்தப் புத்தகத்தை ஏற்றியிருக்க வேண்டுமே! 'பீப்' என்று சத்தம் வரும், பக்கம் வெறுமையாக நிற்கும்.

கிடைத்த பதிவுகளிலும் ஒரு சிக்கல். 'செல்வன்' என்பதை நாங்கள் எஸ் போட்டு எழுதுவோம், படத்தின் விளம்பரத்திலும் எஸ்தான். நூலகப் பதிவிலோ அது ஆங்கிலத்தின் மூன்றாவது எழுத்தான சீயில் தொடங்குகிறது. பிழை இல்லை, அது ஒரு முறை. அமெரிக்க நூலகச் சங்கமும் காங்கிரஸ் நூலகமும் வகுத்தது. எப்படி உச்சரிக்கிறோம் என்பதைப் பார்க்காமல், ஒரு தமிழ் எழுத்துக்கு ஒரே ஆங்கில எழுத்து. ச எங்கே வந்தாலும் சீ. க எங்கே வந்தாலும் கே, 'சங்கம்' என்பதன் நடுவிலும் கே. ழ என்றால் அடியில் கோடு போட்ட எல். இப்படி எழுதினால் திரும்பத் தமிழுக்குப் பிசகாமல் மாற்றலாம். நூலகருக்கு அருமையான ஏற்பாடு, பிள்ளைக்குப் பூட்டின கதவு. தமிழ் எழுத்திலேயே தலைப்பைப் போடவும் பதிவில் இடம் உண்டு, ஆனால் பழைய பதிவுகள் பலவற்றில் அது நிரப்பப்படவில்லை. உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் தேடி ஒன்றும் வராவிட்டால், எஸ்ஸுக்குப் பதிலாக சீ போட்டு இன்னொருக்கால் தேடிப் பாருங்கள்.

பிறகுதான் ஒரு புதையல். முன்பு படிப்பித்த ஆசிரியர் ஒருவர் பாதிப் புத்தகங்களுக்குப் பட்டியல் ரைப் பண்ணி வைத்திருந்தார், பாமினி எழுத்துருவில். என் கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி என்று தெரிந்தது. பாமினியில் கணினி சேமிப்பது தமிழை இல்லை, ஆங்கில எழுத்துகளை. எழுத்துரு அதற்குத் தமிழ்ச் சட்டை போட்டுவிடுகிறது, அவ்வளவுதான். யுனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. ஆனால் முழுப் பட்டியலையும் ஒரேயடியாக ஒட்டாதீர்கள். உண்மையான ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து உளறலாகிவிடும். நான் ஒரு பின்னேரம் முழுக்க அப்படிக் கெடுத்துவிட்டுத்தான் நிரல் நிரலாக மாற்றினேன். மிச்சப் புத்தகங்களுக்கு போன் கமரா. அட்டையில் தலைப்பு அலங்கார எழுத்தில் இருந்தால் தடுமாறும், உள்ளே இருக்கிற தலைப்புப் பக்கத்தைப் பிடித்தால் நன்றாக வாசிக்கும்.

இதையெல்லாம் எதில் போடுவது? 'கோஹா' என்று ஒரு இலவச நூலக மென்பொருள் இருக்கிறது. 1999இல் நியூசிலாந்தில் தொடங்கியது, மாவோரி மொழியில் 'நன்கொடை' என்று அர்த்தம். நல்ல சாமான்தான், ஆனால் அதற்கு ஒரு சேர்வரும் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும். ஒரு அலுமாரிக்கு அது அதிகம். சாதாரண கூகுள் ஷீட்டில் போட்டேன்.

அதில் ஒரு நிரலுக்கு 'நீ எப்படி ரைப் பண்ணுவாய்?' என்று பெயர். ஆளுக்கு 20 புத்தகம் கொடுத்து, பிள்ளைகளையே ஆங்கில எழுத்தில் நிரப்பச் சொன்னேன். ஒருத்தன் ழ-வுக்கு எல் போட்டான், இன்னொருத்தி இசட்-எச் போட்டாள். இரண்டையும் வைத்துக்கொண்டோம். கூடப் படிப்பிக்கிற ஒருவர் கோபப்பட்டார்: "தமிழை இங்கிலீஷில எழுதப் பழக்கிறீங்களோ?" எனக்கும் கை கூசியதுதான். ஆனால் அந்தச் சொல்லைத் தட்டினால் பக்கத்து நிரலில் வருவது தமிழ் எழுத்தில் தலைப்பு. பின்வரிசையில் கிடந்ததை அவள் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போனாள்.

கடைசி நிரல் இணைப்புகளுக்கு. 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய இலக்கியங்கள் இருக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் தளத்தில் ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள். சின்னப் பிள்ளைகளுக்கு பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர், நான்கு வாசிப்புப் படிகளோடு. நாங்களாக எந்தப் புத்தகத்தையும் ஸ்கேன் பண்ணி ஏற்றவில்லை, பதிப்புரிமை ஒன்று இருக்கிறதே.

ஜூன் முடியும்போது கொப்பியில் மூன்று மாதத்துக்கு 38 இரவல். அந்தக் கொப்பியைக் காட்டினேன். டிசம்பர் வரை அலுமாரி எங்களுக்கு. மேல்தட்டு இரண்டும் இன்னும் பட்டியலில் ஏறவில்லை. எங்கள் ஷீட்டின் வெற்றுப் படிவம் உங்கள் பள்ளிக்கூடத்துக்கு வேண்டுமென்றால், இந்த மடலுக்கே பதில் போடுங்கள், அனுப்பிவிடுகிறேன்.