வலையமைப்புக் கண்காணிப்பில் எச்சரிக்கை தவறுதல்

வலையமைப்புக் கண்காணிப்பில் எச்சரிக்கை தவறுதல் என்பது, ஒரு வழங்கியோ வலையமைப்புக் கருவியோ பழுதடைந்த பின்னும் கண்காணிப்பு மென்பொருளிடமிருந்து உரிய நிர்வாகிக்குச் செய்தி வந்து சேராத நிலையைக் குறிக்கும். செய்தி வராதவரை எல்லாம் சரியாக இயங்குவதாகவே நிர்வாகி கருதுவார். ஆகையால் சிறு பழுதும் கவனிப்பாரின்றிப் பெரிதாகிவிட வாய்ப்புண்டு. இக்கட்டுரை நாகியோஸ் என்னும் கட்டற்ற மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, எச்சரிக்கை தடைபடும் இடங்களையும் அவற்றைக் கண்டறியும் முறையையும் விளக்குகிறது.

நாகியோஸ் இயங்கும் முறை

நாகியோஸ் 1999 ஆம் ஆண்டு ஈத்தன் கால்ஸ்டட் என்பவரால் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளியிடப்பட்டது. 2002 இல் தற்போதைய பெயரைப் பெற்றது. 2009 இல் இதிலிருந்து ஐசிங்கா என்ற மென்பொருள் கிளைத்தது.

நாகியோஸ் நேரடியாக எதையும் சோதிப்பதில்லை. செருகுநிரல்கள் எனப்படும் சிறு நிரல்களைக் குறித்த இடைவெளியில் இயக்குகிறது. ஒவ்வொரு நிரலும் முடிவில் ஓர் எண்ணைத் தருகிறது. 0 என்றால் சரி, 1 என்றால் கவனம் தேவை, 2 என்றால் நெருக்கடி, 3 என்றால் நிலை தெரியவில்லை என்று பொருள். இந்த எண்ணிலிருந்து நிர்வாகியின் கைக்குச் செய்தி சேர்வதற்குள் மூன்று கட்டங்கள் உள்ளன:

1. பழுதைக் கண்டறிதல்
2. எச்சரிக்கை அனுப்பலாமா என முடிவு செய்தல்
3. செய்தியை அனுப்புதல்

எச்சரிக்கை இம்மூன்றில் எந்தக் கட்டத்திலும் தவறலாம்.

கண்டறியும் கட்டம்

சோதனை தவறான பொருளின் மீது அமைந்திருப்பது முதற் காரணமாகும். பிங் கட்டளைக்கு மறுமொழி தருவது இயங்குதளத்தின் கரு ஆகும். எனவே இணைய வழங்கி மென்பொருள் நின்றுபோன பின்னும் பிங் சோதனை வெற்றி பெறும். பக்கத்தை உண்மையில் கேட்டுப் பெறும் சோதனையே இப்பழுதைக் காட்டும்.

அடுத்தது மென்னிலை, வன்னிலை என்ற வேறுபாடு. ஒரு சோதனை முதன்முறை தோற்றவுடன் நாகியோஸ் அதனை மென்னிலைப் பழுதாக மட்டுமே குறித்துக்கொள்ளும். நிர்ணயித்த எண்ணிக்கையில் தொடர்ந்து தோற்றால்தான் அது வன்னிலையாகி எச்சரிக்கைக்கு உரியதாகும். சோதனை இடைவெளி 10 நிமிடம், மறுசோதனை இடைவெளி 2 நிமிடம், முயற்சிகள் 3 எனக் கொள்வோம். ஒரு சோதனை முடிந்த மறுகணமே ஏற்படும் பழுது வன்னிலையை அடைய ஏறத்தாழ 14 நிமிடங்கள் ஆகும். அதற்குள் சரியாகிவிடும் பழுதுக்கு எச்சரிக்கையே வராது.

முடிவு செய்யும் கட்டம்

தேவையற்ற செய்திகளைக் குறைப்பதற்காக நாகியோஸ் பல வடிகட்டிகளைக் கொண்டுள்ளது. எச்சரிக்கை தவறும்போது பின்வருவனவற்றைச் சரிபார்க்க வேண்டும்:

* பொதுத் தடை: மென்பொருள் முழுமைக்கும் எச்சரிக்கைகள் நிறுத்தப்பட்டிருக்கலாம். பராமரிப்பின்போது இணைய இடைமுகம் வழியாக நிறுத்திவிட்டுத் திரும்ப இயக்க மறப்பது உண்டு. நிலைத் தக்கவைப்பு வசதி இயக்கத்தில் இருந்தால், மறுதொடக்கத்தின்போது நாகியோஸ் அமைப்புக் கோப்பில் உள்ள மதிப்பை விடுத்து, கடைசியாக இருந்த மதிப்பையே எடுத்துக்கொள்ளும். இதனால் கோப்பில் 'இயக்கம்' என்றிருந்தும் எச்சரிக்கை வராது.
* பராமரிப்பு நேரம்: முன்கூட்டியே குறித்த பராமரிப்பு நேரத்தில் எச்சரிக்கை அனுப்பப்படாது.
* ஊசலாட்டம்: கடைசி 21 சோதனை முடிவுகளுக்கிடையே நிலை அடிக்கடி மாறியிருந்தால் அது ஊசலாட்டமாகக் கருதப்பட்டு எச்சரிக்கைகள் நிறுத்தி வைக்கப்படும்.
* தாய்க் கருவி: ஒரு வழங்கிக்குச் செல்லும் வழியிலுள்ள திசைவி பழுதானால், அந்த வழங்கி 'வீழ்ந்தது' எனப்படாமல் 'எட்ட இயலாதது' எனக் குறிக்கப்படும். அந்நிலைக்கான விருப்பத்தேர்வு இல்லையெனில் எச்சரிக்கை வராது. அதேபோல், வழங்கியே வீழ்ந்திருக்கும்போது அதிலுள்ள சேவைகளுக்குத் தனித்தனியே எச்சரிக்கை வராது.
* ஏற்பு: ஒருவர் பழுதை ஏற்றுக்கொண்டதாகக் குறித்துவிட்டால் தொடர் எச்சரிக்கைகள் நின்றுவிடும்.
* தொடர்பாளர்: நிர்வாகியின் பெயருக்கு எதிரே தனி நேர வரம்பும் நிலைத் தேர்வும் உண்டு. பணி நேரம் மட்டும் குறிக்கப்பட்டவருக்கு இரவில் நேரும் பழுது தெரியவராது.

அனுப்பும் கட்டம்

நாகியோஸ் தானே மின்னஞ்சல் அனுப்புவதில்லை. இயங்குதளத்திலுள்ள அஞ்சல் கட்டளையை இயக்குகிறது. கட்டளையின் பாதை மாறியிருத்தல், நாகியோஸ் பயனருக்கு உரிமை இன்மை, அஞ்சல் வரிசையில் தேங்கி நிற்றல், பெறும் வழங்கி எரிதமாகக் கருதி ஒதுக்குதல் ஆகியன இக்கட்டத்தின் தடைகளாகும். இணைய இணைப்பு அறுந்தால், அதைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சலும் அதே இணைப்பின் வழியாகச் செல்ல இயலாமல் நின்றுவிடும்.

எஸ்.என்.எம்.பி. செய்திகள்

திசைவிகளும் ஆளிகளும் டிராப் என்ற செய்தியைத் தாமாகவே அனுப்புகின்றன. இது யூ.டி.பி. நெறிமுறையில் 162 ஆம் துறைக்குச் செல்கிறது. பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை இல்லாததால், வழியில் தொலைந்தாலும் அனுப்பிய கருவிக்குத் தெரியாது. எஸ்.என்.எம்.பி. இரண்டாம் பதிப்பில் அறிமுகமான இன்ஃபார்ம் வகைச் செய்தி ஒப்புகை கேட்பதால் ஓரளவு நம்பகமானது.

தீயரண் 162 ஆம் துறையை மறித்திருத்தல் பொதுவான காரணமாகும். மேலும், நெட்-எஸ்.என்.எம்.பி. தொகுப்பின் 5.3 பதிப்பு முதல், அமைப்புக் கோப்பில் வெளிப்படையாக அனுமதி எழுதப்படாவிட்டால் டிராப்களை ஏற்கும் நிரல் அவற்றைக் கையாள்வதில்லை. பழைய பதிப்பிலிருந்து மாறியவுடன் எச்சரிக்கைகள் முற்றிலும் நின்றுபோக இது காரணமாகலாம்.

சிக்கலைத் தேடும் முறை

வழியின் நடுவிலிருந்து தேடத் தொடங்கினால் தேடும் பரப்பு பாதியாகக் குறையும்.

1. நாகியோஸ் பதிவுக் கோப்பில், பழுது நேர்ந்த வேளையில் எச்சரிக்கை அனுப்பியதற்கான வரி உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.
2. வரி இருந்தால் தவறு அனுப்பும் கட்டத்தில் உள்ளது. அஞ்சல் பதிவுகளையும் வரிசையையும் பார்த்து, அஞ்சல் கட்டளையை நாகியோஸ் பயனராக நுழைந்து இயக்கிப் பார்க்க வேண்டும். முதன்மைப் பயனராக இயக்கினால் உரிமைச் சிக்கல் வெளிப்படாது.
3. வரி இல்லாமல் வன்னிலை மாற்றம் மட்டும் பதிவாகியிருந்தால் வடிகட்டிகளில் ஒன்று தடுத்துள்ளது. இணைய இடைமுகத்தில் வடிகட்டிகளைப் புறக்கணித்து அனுப்பும் வசதி கொண்டு இதை உறுதி செய்யலாம்.
4. நிலை மாற்றமே பதிவாகவில்லை என்றால் சோதனையில் குறை உள்ளது. செருகுநிரலைக் கட்டளை வரியில் இயக்கி, அது தரும் எண்ணைப் பார்க்க வேண்டும்.
5. டிராப் எனில், பொதிகளைப் பிடித்துக் காட்டும் நிரலால் 162 ஆம் துறைக்கு ஏதேனும் வருகிறதா எனக் காண வேண்டும்.

2003 வட அமெரிக்க மின்தடை

எச்சரிக்கை தவறுவதன் விளைவுக்கு 2003 ஆகத்து 14 அன்று நேர்ந்த மின்தடை நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டாகும். ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் இயங்கிய ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனத்தின் கட்டுப்பாட்டறையில், எச்சரிக்கை மென்பொருள் பிற்பகல் 2:14 அளவில் உறைந்தது. அது உறைந்ததைத் தெரிவிக்க வேறு ஏற்பாடு இல்லை. 2:41 க்கு முதன்மை வழங்கியும் 2:54 க்கு மாற்று வழங்கியும் செயலிழந்தன. ஒரு மின்தடம் துண்டித்து மீண்டது பற்றி அண்டை நிறுவனம் தொலைபேசியில் கேட்டபோதும், தங்கள் பக்கம் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை என்றே பணியாளர்கள் கூறினர். 3:05 முதல் 3:41 வரை மூன்று 345 கிலோவோல்ட் தடங்கள் மரங்களில் பட்டுத் துண்டித்தன. 4:10 அளவில் தொடர் வீழ்ச்சி பரவி, ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். இரு செயல்கள் ஒரே தரவை ஒரே நேரத்தில் அணுகியதால் விளைந்த நிரல் வழுவே மென்பொருள் உறைந்ததற்குக் காரணம் எனப் பின்னர் கண்டறியப்பட்டது.

தடுப்பு முறைகள்

* கண்காணிக்கும் வழங்கியை வேறோர் இடத்திலுள்ள இரண்டாவது வழங்கி கண்காணிக்க வேண்டும்.
* நாள்தோறும் குறித்த நேரத்தில் 'இயங்குகிறேன்' என்ற செய்தியை அனுப்பச் செய்யலாம். அச்செய்தி வராமற்போவதே எச்சரிக்கையாகும்.
* இணையத்தைச் சாராத மாற்று வழியாக, செல்பேசி வலையமைப்பில் இணைந்த மோடம் மூலம் குறுஞ்செய்தி அனுப்பலாம்.
* அவ்வப்போது ஒரு சேவையை வேண்டுமென்றே நிறுத்தி, செய்தி கைக்கு வந்து சேர்கிறதா எனச் சோதிக்க வேண்டும். மூன்று கட்டங்களையும் ஒருசேரச் சோதிப்பது இம்முறையே.

இவற்றையும் பார்க்க

* கணினி வலையமைப்பு
* கட்டற்ற மென்பொருள்
* தீயரண்