கட்டணச் சுமையும் கல்விக்கான மாற்று வழிகளும்

கல்விச் செலவு என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது கட்டணமே. ஆயினும், வெளியூர்க் கல்லூரியில் பயில்பவருக்கு விடுதிச் செலவும், பயணச் செலவும், நூல்களின் விலையும் உடன் சேர்கின்றன. உழைத்தால்தான் உணவு என்னும் நிலையிலுள்ள குடும்பத்துக்கோ, படிக்கும் ஆண்டுகளில் இழக்கும் ஊதியமும் ஒரு செலவேயாகும். ஆதலால், கட்டணத்தைக் குறைத்தல் மட்டும் போதாது. கற்போர் இருக்கும் இடத்துக்கே கல்வி செல்லுதல் வேண்டும்.

இக்கருத்து நம் நாட்டுக்குப் புதியதன்று. டாக்டர் டி. எஸ். கோத்தாரி தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1962-ஆம் ஆண்டில் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. அச்சிட்ட பாடங்கள் தபாலில் சென்றன. மாணவர் எழுதியனுப்பிய விடைகள் திருத்தம் பெற்றுத் திரும்பின. பின்னர், 1982-இல் ஐதராபாத்தில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின.

இம்முறையில் செலவு குறைவது எங்ஙனம்? ஒருமுறை செவ்வையாக எழுதப்பெற்ற பாடம் பல்லாயிரவருக்குப் பயன்படுகிறது. முன்பே உள்ள கல்லூரிகளின் அறைகளே விடுமுறை நாட்களில் பயிற்சி மையங்களாகின்றன. விடுதி வேண்டுவதில்லை, கற்பவர் தம் தொழிலை விடவும் வேண்டுவதில்லை.

பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர்களுக்கும் வழி உண்டு. 1989-இல் நிறுவப்பெற்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி, இன்று தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் என வழங்குகிறது. இதில் சேர்வோர் ஐந்தாண்டுகளுக்குள் ஒவ்வொரு பாடமாகத் தேர்வெழுதித் தேறலாம். ஒரு பாடத்தில் தவறியமையால், தேறிய பாடங்களை மீண்டும் எழுத வேண்டிய நிலை இல்லை. இணைய வசதி பெற்றோருக்கு, 2017-இல் தொடங்கிய 'ஸ்வயம்' திட்டத்தில் உயர்கல்விப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சான்றிதழுக்கான தேர்வுக்கே கட்டணம் உண்டு.

எனினும், மலிவு ஒன்றையே கண்டு மயங்குதல் கூடாது. பட்டப்படிப்பில் சேருமுன், அந்நிறுவனத்துக்கும் அப்படிப்புக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி உண்டா என்று பார்த்தல் இன்றியமையாதது. அனுமதியற்ற பட்டம் வேலைக்கும் மேற்படிப்புக்கும் உதவாது. செலவிட்ட பொருளும் காலமும் வீணாகும். மருத்துவம், பொறியியல் போன்ற பட்டப்படிப்புகளைத் தொலைநிலையில் நடத்த அனுமதி இல்லை என்பதையும் நினைவிற் கொள்க.

மற்றொன்றும் உண்டு. வகுப்பறையில் மணி அடிக்கிறது, ஆசிரியர் கேட்கிறார். தனியே கற்பவருக்கோ அவ்விரு தூண்டுதல்களும் இல்லை. நாள்தோறும் ஒரு குறித்த நேரத்தை ஒதுக்கி, ஐயங்களை எழுதிவைத்து, பயிற்சி மையத்தில் கேட்டுத் தெளிபவரே இறுதிவரை முன்னேறுவர். கட்டணம் குறையலாம், முயற்சி குறைதல் ஆகாது.