சிறுநீர் சிவப்பாக போகிறதா? அது ரத்தம் அல்ல! டி.பி. மாத்திரையை பாதியில் விட்டால்தான் ஆபத்து

சென்னை-

டி.பி. என்னும் காச நோய்க்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். சிலருக்கு சிவப்பாகவே தெரியும்.

"ஐயோ, ரத்தம் போகுதே!" என்று பயந்து மாத்திரையை தூக்கி எறிபவர்களும் உண்டு.

அது ரத்தம் அல்ல. "ரிபாம்பிசின்" என்ற மருந்தின் நிறம்தான். வியர்வை, எச்சில், கண்ணீர்கூட இந்த நிறத்துக்கு மாறும். இந்த நிற மாற்றத்தால் உடம்புக்கு கெடுதல் இல்லை. கண்ணுக்குள் "கான்டாக்ட் லென்ஸ்" வைப்பவர்கள் மட்டும் அதை தவிர்க்க வேண்டும். லென்சில் கறை ஏறிவிடும்.

6 மாதம்

டி.பி. கிருமி லேசில் சாகாது. ஒரே மருந்து கொடுத்தால் தப்பித்துவிடும். அதனால்தான் முதல் 2 மாதம் 4 மருந்துகளை சேர்த்து கொடுக்கிறார்கள். பிறகு 4 மாதம் 3 மருந்துகள். சாதாரண நுரையீரல் டி.பி.க்கு மொத்தம் 6 மாதம். ஒரு நாளும் விடக்கூடாது.

சில வாரங்களில் காய்ச்சல் விட்டுவிடும். இருமல் குறையும். சோறு இறங்கும்.

"உடம்புதான் தேறிடுச்சே, இனி எதுக்கு மாத்திரை?"

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். உள்ளே பதுங்கிய கிருமி மறுபடியும் பெருகும். மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறலாம். அப்புறம் பழைய மாத்திரை கேட்காது. இருமும்போது அதே முரட்டு கிருமி வீட்டில் இருப்பவர்களுக்கும் தொற்றும்.

எப்படி சாப்பிடுவது?

வெறும் வயிற்றில் சாப்பிடுவது நல்லது. அதாவது, சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்பு அல்லது 2 மணி நேரம் கழித்து. குமட்டினால் டாக்டரிடம் கேட்க வேண்டும். தானாக நிறுத்தக்கூடாது. குடிப்பழக்கம் அறவே கூடாது.

சர்க்கரை, வலிப்பு போன்ற நோய்களுக்கு வேறு மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரிபாம்பிசின் அவற்றின் வேகத்தை குறைத்துவிடும். கருத்தடை மாத்திரையும் பலிக்காமல் போகலாம்.

மஞ்சள் கண்

கண் மஞ்சளாக மாறினால், வாந்தி நிற்காவிட்டால், அது ஈரல் கெடுவதன் அடையாளமாக இருக்கலாம். அடுத்த வேளை மாத்திரை போடாமல் அன்றே டாக்டரை பார்க்க வேண்டும். பார்வை மங்கினாலும் அப்படியே. கால் மரத்துப்போனால் டாக்டர் வைட்டமின் மாத்திரை தருவார்.

சேத்துப்பட்டு

ஒரு காலத்தில் டி.பி. என்றால் தாம்பரம் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவேண்டும். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி மையம்தான், வீட்டில் இருந்தே மாத்திரை சாப்பிட்டு குணமாகலாம் என்று உலகத்துக்கு காட்டியது.

இன்று அரசு ஆஸ்பத்திரிகளில் சளி பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். சிகிச்சை முடியும்வரை சத்தான சாப்பாட்டுக்கு மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது.

ஆஸ்பத்திரியில் என்றால் நர்சு நின்று மாத்திரை கொடுப்பார். வீட்டில் அவரவர்தான் காவல். டாக்டர் "போதும்" என்று சொல்லும்வரை மாத்திரையை விடக்கூடாது.